ஆறு போத்தல் மருந்துக்குப் பிறகும் ஏன் மாறவில்லை? – பிள்ளைகளின் நாட்பட்ட பீனிசம்

கனடாவில் மாரி தொடங்கிவிட்டால் எங்கள் மருந்தகத்தில் அடிக்கடி கேட்கும் ஒரு வசனம் உண்டு. "அண்ணை, பிள்ளைக்குத் திரும்பவும் பீனிசமாம். போன முறை தந்த மருந்து கேக்கேல்லை. இந்த முறை கொஞ்சம் பலமானதாத் தரச் சொல்லிக் கேட்டனான்."

ஸ்காபரோவில் மருந்தாளராக வேலை செய்கின்ற எனக்கு இது பழகிப்போன பேச்சு. மருந்துச் சீட்டை வாங்குவேன், பொடியில் தண்ணீர் விட்டுக் குலுக்குவேன், போத்தலில் பெயரை ஒட்டிக் கொடுப்பேன். ஒரு நாள், ஆறு வயதுச் சிறுவன் ஒருவனுக்காக அவனுடைய தாயார் சீட்டோடு வந்து நின்றபோது, கணினித் திரையில் அவனுடைய பழைய பதிவுகளைத் தற்செயலாகக் கீழே வரை பார்த்தேன். பதினொரு மாதங்களில் அது ஆறாவது அன்ரிபயோட்டிக். எழுதியவர்கள் நான்கு வெவ்வேறு வைத்தியர்கள். குடும்ப வைத்தியரிடம் உடனே இடம் கிடைக்காதபோது, வேலை முடிந்து வரும் வழியில் திறந்திருக்கும் கிளினிக்குக்குப் பிள்ளையைக் கொண்டு போயிருக்கிறார்கள். ஒவ்வொரு வைத்தியரும் அன்றைக்குத் தன் முன்னால் இருந்த பிள்ளையைப் பார்த்து, அன்றைக்குச் சரியெனப் பட்டதைக் கொடுத்திருக்கிறார். ஆறையும் ஒன்றாக வைத்து எவரும் பார்க்கவில்லை. பார்க்கக்கூடிய இடத்தில் இருந்த நானும் முதல் ஐந்து தடவையும் பார்க்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அன்று அந்தத் தாயாரிடம் நான் கேட்டது ஒரேயொரு கேள்வி. "தங்கச்சி, இவன் நித்திரை கொள்ளேக்கை வாயைத் திறந்து கொண்டோ படுக்கிறவன்?" அவர் சிரித்தார். "வாயும் திறந்துதான், குறட்டையும் தாத்தாவை விடப் பெரிசு" என்றார்.

அந்தக் கேள்வியில் இருந்துதான் இந்தக் கட்டுரை பிறந்தது. (பெற்றோரின் சம்மதத்துடன் சில விபரங்களை மாற்றியே எழுதுகின்றேன்.) எமது சங்க அங்கத்தவர்களின் வீடுகளில் இப்படிப்பட்ட பிள்ளைகள் பலர் இருப்பார்கள். அவர்களுடைய பீனிசம் ஏன் மருந்துக்கு அசையாமல் நிற்கின்றது என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

பீனிசம் என்றால் என்ன?

எங்கள் முகத்து எலும்புகளுக்குள் காற்று நிறைந்த சிறிய அறைகள் உள்ளன. இவையே சைனஸ் அறைகள். கன்னத்துக்குப் பின்னால், கண்களுக்கு இடையில், நெற்றியில், மூக்கின் பின்புறத்தில் ஆழமாக என நான்கு சோடிகள். பிறக்கும்போது எல்லாம் முழுமையாக இருப்பதில்லை. கன்னத்து அறைகளும் கண்களுக்கு இடையிலான அறைகளும் பிறப்பிலேயே சிறிய அளவில் இருக்கும். நெற்றி அறைகள் ஏழு, எட்டு வயதளவில்தான் உருப்பெறத் தொடங்கும். எனவே நான்கு வயதுப் பிள்ளை "நெற்றி நோகுது" என்றால் அதை நெற்றிப் பீனிசம் என்று நாமாகவே முடிவு செய்யக்கூடாது.

இந்த அறைகளின் உட்சுவர் எப்போதும் சிறிதளவு சளியைச் சுரந்து கொண்டிருக்கும். தூசியும் கிருமிகளும் அந்தச் சளியில் ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் ஒரு நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அசைந்து, அந்தச் சளியை அறையின் வாசலை நோக்கித் தள்ளி, மூக்குக்குள் கொண்டுவந்து விடும். நாமும் அறியாமலே அதை விழுங்கி விடுவோம்.

இங்கேதான் ஒரு சங்கடம். கன்னத்து அறையின் வாசல் அடியில் இல்லை, சுவரின் மேற்பகுதியில் இருக்கின்றது. ஒரு தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் துவாரம் வைக்காமல் மேலே வைத்தது போல. நிமிர்ந்து நிற்கும்போது சளி தானாக வடிந்து விடாது. நுண்மயிர்கள்தான் அதை மேலே ஏற்றி வெளியேற்ற வேண்டும். வாசலோ மிகவும் ஒடுக்கமானது. ஒரு சாதாரண தடிமன் வந்து உட்சுவர் வீங்கினாலே அது அடைபட்டு விடும். அடைபட்ட அறையில் தேங்கி நிற்கும் சளியில் பக்ரீரியாக்கள் பெருகும். இதுவே பீனிசம்.

ஆகவே பீனிசத்தின் மூலகாரணம் பெரும்பாலும் கிருமி அல்ல, அடைப்பு. கிருமி பின்னால் வந்து சேர்வது. அன்ரிபயோட்டிக் கிருமியைக் கொல்லுமே தவிர, அடைப்பைத் திறக்காது. அடைப்புக்குக் காரணமானது அங்கேயே இருந்தால், மருந்து முடிந்து இரண்டு கிழமையில் நோய் திரும்பவும் வரும்.

முதற் கேள்வி: இது உண்மையில் பீனிசம்தானா?

ஊரில் நாங்கள் மூக்குச் சம்பந்தமான எந்த நீண்ட கரைச்சலுக்கும் "பீனிசம்" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். காலையில் எழுந்தவுடன் பத்துத் தும்மல் தும்முபவருக்கும் பீனிசம், மூக்கடைப்பு உள்ளவருக்கும் பீனிசம், தலையிடி உள்ளவருக்கும் பீனிசம். அந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. வைத்தியரிடம் போய் "பிள்ளைக்குப் பீனிசம், சைனஸ்" என்று நாங்களே நோயின் பெயரைச் சொல்லிவிட்டால், சிகிச்சையும் அந்த வழியிலேயே போய்விடக் கூடும்.

ஒன்று, அடுத்தடுத்து வரும் தடிமன். சிறு பிள்ளைகளுக்கு வருடத்தில் ஆறு முதல் எட்டுத் தடவை தடிமன் வருவது வழமை. பராமரிப்பு நிலையத்துக்குப் போகும் பிள்ளைகளுக்கு இதைவிடக் கூடுதலாகவும் வரலாம். ஒவ்வொன்றும் பத்து நாள், சில வேளை இரண்டு கிழமை நீடிக்கும். அவற்றில் பெரும்பங்கு செப்டெம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையில்தான் வருகின்றது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தடிமன் முடிய அடுத்தது தொடங்கிவிடும். பெற்றோருக்கு அது மாரி முழுவதும் நீடித்த ஒரே நோயாகத் தெரியும். தடிமனுக்குக் காரணம் வைரசு. வைரசுக்கு அன்ரிபயோட்டிக் ஒன்றுமே செய்யாது.

இரண்டு, ஒவ்வாமை. தெளிவான நீர் போன்ற மூக்கொழுகல், தும்மல், மூக்கிலும் கண்ணிலும் கடி, உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்க்கும் பழக்கம், கண்ணுக்குக் கீழே கருவளையம் என்பன இதன் அடையாளங்கள். காய்ச்சல் இராது. இதற்கும் அன்ரிபயோட்டிக் தேவையில்லை.

மூன்றாவதுதான் பக்ரீரியாவால் வரும் உண்மையான பீனிசம். அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி மூன்று வகைகளில் இதைச் சந்தேகிக்கலாம். மூக்கொழுகலோ பகல் இருமலோ பத்து நாட்களுக்கு மேலாகியும் சற்றும் குறையாமல் இருத்தல். குணமாகி வந்த தடிமன் திடீரெனத் திரும்ப மோசமாதல். 39 பாகை அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சலும் தடித்த சளியும் சேர்ந்து மூன்று நாட்களாவது தொடர்தல். இந்த அடையாளங்கள் பன்னிரண்டு கிழமைகளுக்கு மேல் விடாமல் இருந்தால் அதையே நாட்பட்ட பீனிசம் என்கிறோம்.

"சளி பச்சையாப் போகுது, அப்ப கட்டாயம் அன்ரிபயோட்டிக் வேணும்தானே?" என்று பலர் கேட்பார்கள். இல்லை. பச்சை நிறம் பக்ரீரியாவின் நிறம் அல்ல. கிருமியோடு போராட வந்த வெள்ளை அணுக்களில் உள்ள ஒரு நொதியத்தின் நிறம் அது. சாதாரண தடிமனிலும் மூன்றாம், நான்காம் நாளில் சளி மஞ்சளாகி, பச்சையாகி, பிறகு தெளியும். அதேபோல, தடிமனோடு இருக்கும் பிள்ளைக்கு எக்ஸ்ரே எடுத்தால் சைனஸ் அறைகள் மங்கலாகத் தெரிவது சாதாரணம். எனவே எக்ஸ்ரே எடுக்கும்படி வைத்தியரை வற்புறுத்துவதில் பயனில்லை.

மருந்து ஏன் தோற்கிறது?

நோய் உண்மையான பீனிசம்தான் என்று வைத்துக் கொள்வோம். அப்போதும் மருந்து பலிக்காமல் போவதற்குச் சில காரணங்கள் உண்டு.

முதலாவது காரணம் எங்கள் வீட்டுப் பிறிட்ஜில் இருக்கின்றது. பத்து நாளைக்கு எழுதிய மருந்தை, காய்ச்சல் விட்டவுடன் நான்காம் நாளில் நிறுத்திவிட்டு, மிச்சத்தை அடுத்த முறைக்கென்று வைப்பது. தண்ணீர் கலந்த அமொக்சிசிலின் பாணி பதினான்கு நாட்களுக்கு மேல் பாவிக்கக்கூடாதது. அதன் பின்னர் அதைக் கொடுப்பதால் பிள்ளைக்குப் பயனில்லை. தம்பிக்கு எழுதிய மருந்தை அண்ணாவுக்குக் கொடுப்பதும் இதே பிழைதான். பிள்ளைகளுக்கு மருந்தின் அளவு நிறையைப் பொறுத்தது. தேநீர்க் கரண்டியால் அளப்பதும் வேண்டாம். அளவுக்குறியுள்ள பீச்சாங்குழலைக் கேட்டு வாங்குங்கள். ஊரில் இருந்து வருபவர்களிடம் சொல்லிக் குளிசைகள் கொண்டு வருவிப்பதையும், அதைப் பாதியாக உடைத்துப் பிள்ளைக்குக் கொடுப்பதையும் நான் கண்டிருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள்.

இரண்டாவது, கிருமிகளின் எதிர்ப்புச் சக்தி. பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே, குறைந்த அளவில் மருந்தைப் பாவித்தால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என்று எச்சரித்திருந்தார். பிள்ளைகளின் பீனிசத்துக்குக் காரணமான பக்ரீரியாக்களில் சில, அமொக்சிசிலினைச் சிதைக்கும் நொதியத்தைச் சுரக்கக் கூடியவை. தேவையில்லாமல் கொடுக்கப்படும் ஒவ்வொரு போத்தலும், மருந்துக்கு மடிகின்ற கிருமிகளைக் கொன்று, மடியாதவற்றுக்கு இடம் ஒதுக்கிக் கொடுக்கின்றது. உண்மையாகவே தேவைப்படும் நாளில் மருந்து கைகொடுக்காது.

மூன்றாவது காரணம் அண்மைக் காலத்தில்தான் நன்கு விளங்கியது. பக்ரீரியாக்கள் எப்போதும் தனித்தனியாகத் திரிவதில்லை. ஒரு பரப்பில் கூட்டமாக ஒட்டி, தம்மைச் சுற்றிப் பசை போன்ற ஒரு படலத்தைக் கட்டிக்கொண்டு வாழவும் அவற்றால் முடியும். கிணற்றுக் கட்டில் படியும் வழுக்கற் பாசியை நினைத்துக் கொள்ளுங்கள். தண்ணீரை ஊற்றினால் அது போகாது, தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். இந்தப் படலத்துக்குள் இருக்கும் கிருமிகளைக் கொல்ல, தனித்துத் திரியும் கிருமிகளுக்குத் தேவையானதைவிடப் பலமடங்கு மருந்து வேண்டும். அந்த அளவை ஒரு பிள்ளையின் உடலுக்குப் பாதுகாப்பாகக் கொடுக்க முடியாது. மருந்து குடிக்கும்போது வெளியே வந்த கிருமிகள் சாகும், பிள்ளை தேறும். மருந்தை நிறுத்தியதும் படலத்தில் இருந்து புதிய கூட்டம் புறப்படும். "மருந்து குடிக்கேக்கை நல்லா இருக்கிறான், விட்டாப் பிறகு திரும்பத் தொடங்குது" என்று தாய்மார் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடினொயிட்: மூக்கின் பின்னால் உள்ள ஒளிப்பிடம்

இந்தப் படலம் எங்கே ஒட்டியிருக்கின்றது? பல பிள்ளைகளில் அது சைனஸ் அறைக்குள் மட்டுமல்ல, மூக்கின் பின்புறத்தில், அண்ணத்துக்கு மேலே உள்ள அடினொயிட் என்ற சதையிலும் இருக்கின்றது. தொண்டையில் தெரியும் ரொன்சில்களின் உறவுக்காரன் என்று இதைச் சொல்லலாம். வாயைத் திறந்து பார்த்தால் தெரியாது. சிறு வயதில் பெருத்து, பதின்ம வயதை நெருங்கும்போது தானாகச் சுருங்கிவிடும்.

2006இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், நாட்பட்ட பீனிசம் உள்ள பிள்ளைகளிடம் இருந்து அகற்றப்பட்ட அடினொயிட்டுகளை நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். அவற்றின் மேற்பரப்பில் பெரும்பகுதியை பக்ரீரியாப் படலம் மூடியிருந்தது. நித்திரையில் மூச்சுத் தடைப்படுவதற்காக அகற்றப்பட்ட அடினொயிட்டுகளில் அப்படி ஏறக்குறைய எதுவுமே இல்லை. அதாவது, அடினொயிட் எவ்வளவு பெரியது என்பது மட்டுமல்ல, அதில் என்ன குடியிருக்கின்றது என்பதும் முக்கியம்.

அடினொயிட் பெருத்த பிள்ளை வாயால் மூச்சு விடும், குறட்டை விடும், மூக்கால் கதைப்பது போலக் கதைக்கும். நடுக்காதில் நீர் தேங்கிக் கேட்கும் சக்தி குறையலாம். இரவில் நல்ல நித்திரை இல்லாததால் பகலில் வகுப்பில் கவனம் இராது. எங்கள் சிறுவனின் ஆசிரியையும் "இவன் சொல்வதைக் கேட்பதில்லை" என்று இரண்டு முறை குறிப்பு அனுப்பியிருந்தாராம். அவனுக்குப் பேச்சு விழுந்தது. பாவம், அவனுக்கு உண்மையில் கேட்கவில்லை.

வீட்டுக்குள் இருக்கும் காரணங்கள்

மூக்கின் உட்சுவரை நாள் முழுவதும் வீங்க வைத்திருக்கும் எதுவும் பீனிசத்தை மாறவிடாது. ஒவ்வாமை இதில் முதலிடம் வகிக்கின்றது. ஒன்ராறியோவில் வசந்தத்தில் மரங்களின் மகரந்தம், கோடை தொடங்க புற்களின் மகரந்தம், ஓகஸ்ட் நடுப்பகுதியில் இருந்து உறைபனி விழும்வரை ராக்வீட் என்ற களைச்செடியின் மகரந்தம் என்று ஒரு சுற்று உண்டு. வருடம் முழுவதும் இருப்பவை மெத்தை, தலையணை, காப்பெற் என்பவற்றில் வாழும் தூசிப் பூச்சிகளும், ஈரமான பேஸ்மென்ட்டில் படியும் பூஞ்சணமும். மாரியில் யன்னல்களைப் பூட்டி, பேர்னஸை ஓட விட்டிருக்கும்போது காற்றும் வரண்டு போகும்.

புகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் சிகரெட் குடிப்பதில்லை, கராஜில் நின்றுதான் குடிக்கிறோம் என்பவர்களின் உடுப்பிலும் அது ஒட்டி வருகின்றது. வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் ஊதுபத்தியும் எங்கள் வீடுகளின் அடையாளம். அதை விடச் சொல்லி நான் எழுதவில்லை. ஊரில் நாற்புறமும் காற்றோடும் வீட்டில் எரித்ததை, இங்கே பூட்டிய வீட்டுக்குள், மூக்கடைத்த பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு எரிக்கிறோம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். விளக்கு ஒன்றே போதும் என்று சில மாதங்கள் இருந்து பாருங்கள். மிளகாய் வறுக்கும்போதும் தாளிக்கும்போதும் அடுப்பின் மேலுள்ள புகை விசிறியைப் போட மறவாதீர்கள்.

தலையணைக்கும் மெத்தைக்கும் தூசிப் பூச்சி புகாத உறை போடுவது, படுக்கை விரிப்புகளைக் கிழமைக்கு ஒருமுறை சுடுநீரில் தோய்ப்பது, பேர்னஸின் வடிகட்டியைக் காலத்துக்குக் காலம் மாற்றுவது, வீட்டின் ஈரப்பதனை 30 முதல் 50 வீதத்துக்குள் வைத்திருப்பது என்பன செலவு குறைந்த நல்ல வழிகள்.

அரிதானவை, ஆனால் தவறவிடக் கூடாதவை

சில பிள்ளைகளில் பீனிசம் என்பது வேறொரு நோயின் வெளிக்காட்டலாக இருக்கலாம். நோய் எதிர்ப்புச் சக்திக் குறைபாடு அவற்றில் ஒன்று. ஜெஃப்ரி மொடெல் நிறுவனம் பெற்றோருக்கென வெளியிட்ட பத்து எச்சரிக்கை அடையாளங்களில் சில இவை: ஒரு வருடத்தில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட காது அழற்சி, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கடுமையான பீனிசம், இரண்டு தடவை நிமோனியா, இரண்டு மாதங்கள் அன்ரிபயோட்டிக் கொடுத்தும் பலன் இன்மை, வயதுக்கேற்ப வளராமை. இவற்றில் இரண்டு இருந்தாலே வைத்தியரிடம் கேளுங்கள். ஓர் இரத்தப் பரிசோதனையோடு விசாரணையைத் தொடங்கலாம்.

மற்றொன்று சிஸ்ரிக் பைபுரோசிஸ் என்ற பரம்பரை நோய். இதில் சளி பசைபோலத் தடித்துவிடும். மூக்குக்குள் சதை வளர்ந்திருக்கும் சிறு பிள்ளைக்கு இதைச் சந்தேகிக்க வேண்டும். ஒன்ராறியோவில் 2008 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்நோய்க்கான சோதனை செய்யப்படுகின்றது. இலங்கையிலோ இந்தியாவிலோ பிறந்து இங்கு வந்த பிள்ளைக்கு அந்தச் சோதனை நடந்திருக்காது. இது எங்கள் சமூகத்தில் அரிது என்றாலும் இல்லையென்று சொல்லிவிட முடியாது. பிள்ளை பிறந்த நாட்டை வைத்தியருக்குச் சொல்லுங்கள்.

மூன்றாவது, நுண்மயிர்கள் பிறப்பிலேயே சரியாக அசையாத நோய். பிறந்த நாளில் இருந்தே மாறாத மூக்கடைப்பும் சளி இருமலும் இதன் அடையாளம். நெருங்கிய சொந்தத்துக்குள் திருமணம் செய்த பெற்றோரின் பிள்ளைகளுக்கு இத்தகைய பரம்பரை நோய்கள் வரும் வாய்ப்புச் சற்று அதிகம். மச்சான் மச்சாள் முறையில் கல்யாணம் செய்தவர்கள் வைத்தியர் கேட்கும்போது கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். இது குற்றம் சொல்வதற்கல்ல, வழி காண்பதற்கு.

ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்துடன் சளி வடிந்தால், பிள்ளை எதையோ மூக்குக்குள் செருகியிருக்கக் கூடும். மணி, கடலை, ரப்பர் என்று எதுவாகவும் இருக்கலாம். சிறிய வட்ட பற்றரி என்றால் அது சில மணி நேரத்திலேயே மூக்கை அரித்துவிடும். உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டு செல்லுங்கள்.

என்னதான் செய்யலாம்?

முதலில், உப்புநீரால் மூக்கைக் கழுவுதல். தேங்கிய சளியையும் ஒவ்வாமைப் பொருட்களையும் கழுவி வெளியேற்றும் இந்தச் சிகிச்சைக்கு நல்ல பலன் உண்டு. மருந்தகத்தில் அளவான உப்புப் பொதிகளும் மென்மையான போத்தலும் கிடைக்கும். குழாய்த் தண்ணீரை அப்படியே பாவிக்கக் கூடாது. 2011இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவிய இருவர் மூளையைத் தாக்கும் ஒருவகை அமீபாவால் இறந்தார்கள். மிக அரிதுதான். ஆனால் ஒரு நிமிடமாவது நன்கு கொதிக்க வைத்து ஆறிய நீரையோ காய்ச்சி வடித்த நீரையோ பாவித்தால் அந்தப் பயமே இல்லை. முதல் இரண்டு நாள் பிள்ளை அழும். குளியலறையில் நின்று, நீங்கள் முதலில் செய்து காட்டுங்கள்.

அடுத்தது, வைத்தியர் எழுதிக் கொடுக்கும் ஸ்ரெரொயிட் மூக்கு ஸ்பிறே. "ஸ்ரெரொயிட்" என்றதும் பயந்து போத்தலை மூலையில் வைத்துவிடுபவர்கள் பலர். இது மூக்கின் உட்சுவரில் மட்டும் மிகச் சிறிய அளவில் வேலை செய்கின்றது. நீண்ட காலம் பாவிக்கும்போது வைத்தியர் பிள்ளையின் உயரத்தைக் கவனித்து வருவார். ஒரு நாளில் பலன் தராது. தினமும் சில கிழமைகள் பாவிக்க வேண்டும். அடிக்கும்போது நடுச்சுவரை நோக்காமல், அந்தப் பக்கத்துக் காதை நோக்கிச் சற்று வெளிப்புறமாகப் பிடியுங்கள். நடுச்சுவரில் பட்டால் மூக்கால் இரத்தம் வரலாம். உப்புநீரால் கழுவிய பிறகு அடித்தால் நன்றாகப் பிடிக்கும்.

கடைகளில் கிடைக்கும், உடனே மூக்கைத் திறக்கும் மற்ற வகை ஸ்பிறே வேறு. அவற்றைச் சில நாட்களுக்கு மேல் பாவித்தால் மூக்கு முன்னரை விட மோசமாக அடைக்கும். தடிமனுக்கும் இருமலுக்கும் கடையில் விற்கும் பாணி மருந்துகளை ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று கனேடிய சுகாதார அமைச்சு 2008இலேயே அறிவித்துவிட்டது.

இவை எல்லாம் செய்தும் மாறாவிட்டால், காது மூக்கு தொண்டை நிபுணரிடம் அனுப்பும்படி குடும்ப வைத்தியரைக் கேளுங்கள். பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகளுக்கு, மருந்துக்கு மாறாத பீனிசத்தில் முதற் சத்திரசிகிச்சையாக அடினொயிட்டை அகற்றலாம் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை நிபுணர்கள் 2014இல் கூடி முடிவு செய்தார்கள். பொதுவாக அன்றே வீடு திரும்பக்கூடிய சிறிய சத்திரசிகிச்சை அது. எல்லாருக்கும் பூரண குணம் என்று சொல்ல முடியாது. ஆனால் கணிசமான பிள்ளைகள் தேறுகிறார்கள். சைனஸ் அறைகளின் வாசலைப் பெரிதாக்கும் சிகிச்சை அதற்கு அடுத்த படி. சி.ரி. ஸ்கான் எடுப்பதும் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான்.

அம்மம்மாவின் கைமருந்து

வீட்டில் அம்மம்மா, அப்பம்மா இருந்தால் ஆவி பிடிக்கச் சொல்வார்கள். பெரியவர்களுக்கு அது இதமாக இருக்கலாம். சிறு பிள்ளையைக் கொதிநீர்ச் சட்டிக்கு முன்னால் போர்வைக்குள் இருத்த வேண்டாம். சட்டி சரிந்தால் வரும் எரிகாயம் பீனிசத்தை விடப் பெரிய துன்பம். மூக்குக்குள் எண்ணெய் விடுவதும் கூடாது. அது நுரையீரலுக்குள் இறங்கி ஒருவகை நிமோனியாவை உண்டாக்கலாம். கற்பூரம் சேர்ந்த தைலங்களை இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பூச வேண்டாம். எந்த வயதிலும் மூக்குத் துவாரத்தில் பூச வேண்டாம். இரசமும் கொத்தமல்லித் தண்ணீரும் தாராளமாகக் கொடுங்கள். ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு இருமலுக்குத் தேனும் கொடுக்கலாம்.

தாமதிக்கக் கூடாத அடையாளங்கள்

கண்ணைச் சுற்றி வீக்கம் அல்லது சிவப்பு, கண் வெளியே தள்ளுதல், பார்வை இரட்டையாகத் தெரிதல், கடுமையான தலையிடியுடன் வாந்தி, கழுத்து விறைப்பு, எழுப்ப முடியாத மயக்கம் என்பவற்றில் ஒன்று தெரிந்தாலும் கிளினிக் திறக்கும்வரை காத்திராமல் 911ஐ அழையுங்கள் அல்லது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கிருமி கண்ணுக்கோ மூளைக்கோ பரவியிருக்கக் கூடும். அவசரமில்லாத சந்தேகங்களுக்கு ஒன்ராறியோவில் 811ஐ அழைத்துத் தாதியோடு கதைக்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேளுங்கள்.

அந்தச் சிறுவனுக்கு என்ன நடந்தது?

அன்று அவனுடைய தாயாருக்கு ஆறாவது போத்தலோடு ஒரு தாளையும் அச்சிட்டுக் கொடுத்தேன். ஒரு வருடத்தில் எடுத்த மருந்துகள், திகதிகள், எழுதிய வைத்தியர்கள் எல்லாம் அதில் இருந்தன. "இதைக் கொண்டுபோய் உங்கடை குடும்ப வைத்தியரிட்டையே காட்டுங்கோ. குறட்டையையும் சொல்லுங்கோ" என்றேன். வைத்தியர் அந்தத் தாளைப் பார்த்தவுடன் நிபுணரிடம் அனுப்பினாராம். ஒவ்வாமைப் பரிசோதனையில் தூசிப் பூச்சி. மூக்கின் பின்னால் பெருத்த அடினொயிட். இரு காதுகளிலும் நீர். மூன்று மாதங்கள் உப்புநீரும் ஸ்பிறேயும் பாவித்து ஓரளவு தேறி, போதாமல், வசந்தத்தில் அடினொயிட்டை எடுத்தார்கள்.

அவனுக்கு இப்போதும் தடிமன் வருகின்றது. வந்து, பத்து நாளில் போய்விடுகின்றது. அடுத்த மாரி முழுவதற்கும் அவனுக்கு ஒரேயொரு அன்ரிபயோட்டிக் சீட்டுத்தான் வந்தது, அதுவும் தொண்டை நோவுக்கு. "முதல் நாள் இரவு சத்தமே இல்லாமப் படுத்திருந்தான் அண்ணை. மூச்சு விடுறானோ எண்டு நான் இரண்டு தரம் எழும்பிப் பார்த்தனான்" என்று தாயார் சொன்னார்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைக்கு ஒரு வருடத்தில் மூன்றாவது, நான்காவது தடவையாக அன்ரிபயோட்டிக் எழுதப்பட்டால், "இன்னும் பலமான மருந்து தாருங்கள்" என்று கேட்காதீர்கள். "ஏன் திரும்பத் திரும்ப வருகின்றது?" என்று கேளுங்கள். உங்கள் மருந்தகத்தில் ஒரு வருட மருந்துப் பட்டியலை அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. இயன்றவரை ஒரே மருந்தகத்துக்கும் ஒரே வைத்தியருக்கும் போங்கள். ஒரு சிறு கொப்பியில் மூக்கொழுகல் தொடங்கிய நாள், முடிந்த நாள், காய்ச்சல், குறட்டை, பாடசாலைக்குப் போகாத நாட்கள் என்று குறித்து வையுங்கள். பத்து நிமிடச் சந்திப்பில் வைத்தியருக்கு அந்தக் கொப்பி சொல்வதை எங்களால் வாயால் சொல்ல முடியாது.

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்று எங்கள் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். எங்கள் பிள்ளைகள் வாயை மூடி, மூக்கால் மூச்சு விட்டு, நிம்மதியாக நித்திரை கொள்வதும் அந்தச் செல்வத்தில் ஒரு பங்குதான்.

(இக்கட்டுரை பொது அறிவுக்காக எழுதப்பட்டது. உங்கள் பிள்ளையின் சிகிச்சை பற்றி உங்கள் வைத்தியரின் ஆலோசனையைப் பெற்றுக் கொள்ளுங்கள்.)